கேள்வி – பதில்: சிப்பி வீடும் கேடயச் சின்னங்களும்

ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் உள்ள ‘சிப்பி வீடு’ என்னும் பழைய கல் மாளிகையின் படம் சென்ற இதழில் வெளியாகியிருந்தது. முகப்புச் சுவர் முழுவதும் கல்லில் செதுக்கிய சிப்பிகளும், வாசலுக்கு மேலே பூக்கள் கொண்ட ஒரு கேடயமும் உள்ள அந்த வீட்டைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. ஆகவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

சுவரெல்லாம் சிப்பியாக இருக்கிறதே, சலமான்கா எங்கள் காசிமேட்டைப் போலக் கடலோர ஊரா? அல்லது நாம் வாசலில் சங்கு பதிப்பது போல, கண் படாமல் இருப்பதற்காகச் செய்தார்களா?
(வாசகர், காசிமேடு)

இரண்டும் இல்லை. சலமான்கா நாட்டின் உட்பகுதியில், தோர்மெஸ் ஆற்றங்கரையில் இருக்கும் பல்கலைக்கழக நகரம். கடல் அங்கிருந்து வெகு தொலைவு. சுவரில் இருப்பவையும் கடலில் எடுத்த சிப்பிகள் அல்ல. உள்ளங்கை விரித்தாற்போல வரிவரியாக இருக்கும் ஒருவகைச் சிப்பியின் உருவத்தை மணற்கல்லில் செதுக்கி, சாய்சதுரக் கட்டம் அமையும்படி வரிசை மாற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றின் எண்ணிக்கை 300க்கும் மேல். வெயில் சாயும் நேரத்தில் ஒவ்வொரு சிப்பியும் தனித்தனியே நிழல் விழுத்துவதால், வேறு எந்த அலங்காரமும் இல்லாத அந்தத் தட்டைச் சுவர் முழுவதும் வேலைப்பாடு நிறைந்தது போலத் தோன்றுகிறது.

வீட்டின் பணி 1493இல் தொடங்கி 1517 வாக்கில் முடிந்தது. கட்டத் தொடங்கியவர் ரோத்ரிகோ மால்டோனாடோ. சலமான்கா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து, இசபெல்லா அரசிக்கும் பெர்டினாண்டு அரசருக்கும் ஆலோசகராக உயர்ந்தவர். சாந்தியாகோ என்ற கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்பிலும் இடம்பெற்றவர். சாந்தியாகோ என்பது இயேசுவின் சீடரான புனித யாக்கோபுக்கு ஸ்பானியர் வழங்கும் பெயர். அவருடைய கல்லறை இருப்பதாக நம்பப்படும் கோம்போஸ்தெலாவுக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் தொப்பியிலும் மேலங்கியிலும் சிப்பியை அணிவது வழக்கம். நம்மூரில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்களைப் பார்த்தவுடன் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துவிடுவது போல, அங்கே சிப்பியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவே அந்தப் போர்வீரர் அமைப்பின் அடையாளமாகவும் ஆயிற்று. வீட்டுக்காரர் தம் பதவியைச் சுவரில் எழுதிக்கொண்டார் என்பது ஒரு விளக்கம்.

மற்றொரு விளக்கமும் உண்டு. அந்தக் குடும்பம் பெண் எடுத்த பிமென்டெல் குலத்தின் கேடயத்திலும் சிப்பி இருக்கிறது. சுவரில் மருமகள் வீட்டுச் சிப்பி, வாசலுக்கு மேல் மால்டோனாடோ வீட்டு லில்லிப் பூ என்று கொண்டால், முகப்பு முழுவதும் ஒரு திருமண அறிவிப்பாகிவிடுகிறது. எனக்கு இந்த இரண்டாவது விளக்கமே கூடுதலாகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. பதவி மட்டும்தான் காரணம் என்றால் வாசலில் ஒன்றோ இரண்டோ சிப்பி போதுமே. ஆனாலும் ஒரே உருவம் இரண்டு பெருமைகளையும் சொல்லும்போது, அந்தக் குடும்பம் அதை வேண்டாமென்றா சொல்லியிருக்கும்?

சிப்பிகளில் ஒன்றின் அடியில் நகை ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
(வாசகர், கொருக்குப்பேட்டை)

கதைதான். எதிர்ப்புறத்தில் பெரிய கோயிலும் கல்லூரியும் எழுப்பிய இயேசு சபையார், இடத்துக்காக அந்த வீட்டை இடித்துத் தந்தால் சிப்பிக்கு ஒரு பொற்காசு தருவதாகச் சொன்னார்கள் என்று இன்னொரு கதையும் உண்டு. வீடு இடிபடவில்லை. சில காலம் பல்கலைக்கழகத்தின் சிறையாக இருந்து, இப்போது பொது நூலகமாக இயங்குகிறது.

கேடயத்தில் உள்ள பூக்களை எப்படிப் படிக்க வேண்டும்? கணவன் குலம், மனைவி குலம் என்று எதைக் கொண்டு பிரிக்கிறார்கள்?
(வாசகர், திருவொற்றியூர்)

முதலில் ஒரு குறிப்பு. குலச்சின்னங்களில், அதாவது ஐரோப்பியக் குடும்பங்கள் தம் அடையாளமாகக் கேடயத்தில் இடும் உருவங்களில், வலம், இடம் என்பவை பார்ப்பவருடைய வலமும் இடமும் அல்ல. கேடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நமக்கு எதிரே நிற்பவருடைய வலமும் இடமும். எனவே நம் கண்ணுக்கு இடப்பக்கம் தெரிவதே ‘வலம்’. அதுவே மதிப்புக்குரிய பக்கம். கேடயத்தை நடுவில் செங்குத்தாகப் பிளந்து இரண்டு குலங்களைக் காட்டினால், நமக்கு இடப்பக்கம் கணவனுடையது, வலப்பக்கம் மனைவியுடையது. நான்காகப் பிரித்திருந்தால் பெரும்பாலும் அது முந்தைய தலைமுறைகளின் திருமணங்களால் வந்து சேர்ந்த உரிமை. மேலும் பிரிக்கப்பிரிக்க, ஒரு சிறு கேடயத்துக்குள் குடும்ப மரமே அடங்கிவிடும்.

சலமான்கா வீட்டில் வாசலுக்கு மேலே இருப்பது மால்டோனாடோ குலத்தின் ஐந்து லில்லிப் பூக்கள். நிலைவாசலின் மேற்கல்லில் டால்பின் மீன்களும் இலைக்கொடிகளும் உள்ளன. மறுமலர்ச்சிக் காலத்தில் டால்பின் அன்பின் குறியீடாகக் கொள்ளப்பட்டதால், திருமண விளக்கத்துக்கு அதுவும் துணை நிற்கிறது. மேல்தள முகப்பில் உள்ள நான்கு ஜன்னல்களும் ஐரோப்பிய இடைக்காலத்துக் கோத்திக் பாணியில், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாமல் அமைந்தவை. உள்ளே முற்றம் இரண்டு தளமாக எழும்புகிறது. கீழ்த்தளத்து வளைவுகள் நேர்கோடும் வளைகோடும் கலந்து ஒடிந்து ஒடிந்து செல்கின்றன. மேல்தளத்து வளைவுகளை மெல்லிய பளிங்குத் தூண்கள் தாங்குகின்றன. பழைய கோத்திக் பாணியும் புதிதாக வந்த இத்தாலியப் பாணியும் இஸ்லாமியக் கைவினை மரபும் ஒரே வீட்டில் சண்டையின்றிக் குடியிருப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இத்தனை பெருமையும் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் சார்லஸ் மன்னருக்கு எதிராக 1520இல் ஸ்பெயினின் காஸ்தீல் பகுதி நகரங்கள் கிளர்ந்தபோது, அந்தக் கிளர்ச்சியில் சேர்ந்த பெத்ரோ மால்டோனாடோ பிமென்டெல் 1522இல் தலை வெட்டப்பட்டு மாண்டார். சுவரில் இருக்கும் இரண்டு குலங்களும் அவருடைய பெயரிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

கல்லில் நிறம் கிடையாது. ஆனால் குலச்சின்னத்தில் நிறம் முக்கியம் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கல்லில் செதுக்கியதை வைத்து நிறத்தை எப்படி அறிவது? பெண்களுக்குத் தனிச் சின்னம் உண்டா?
(கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை)

பழங்காலத்தில் கல் கேடயங்களுக்கு வண்ணம் பூசுவதுண்டு. மழையிலும் வெயிலிலும் அது போய்விட்டது. 17ஆம் நூற்றாண்டில் கோடுகளால் நிறத்தைக் குறிக்கும் முறை பரவிற்று. புள்ளிகள் இட்டால் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி, செங்குத்துக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், இரண்டும் குறுக்கிட்டால் கறுப்பு, நமக்கு இடப்பக்க மேல்மூலையிலிருந்து சரியும் கோடுகள் பச்சை. செப்புத் தகட்டில் வெட்டி அச்சிடுவோருக்கும், கல்தச்சருக்கும், வெள்ளிப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோருக்கும் இது ஒருசேரப் பயன்பட்டது. சிப்பி வீடு இம்முறைக்கு முந்தியது; அதில் கோடுகளைத் தேடிப் பயனில்லை.

பெண்களைப் பொறுத்தவரை, ஆங்கிலேய வழக்கில் மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் சின்னத்தைக் கேடயத்தில் காட்டாமல் சாய்சதுரக் கட்டத்தில் காட்டுவார்கள். கேடயம் போருக்குரியது, பெண்ணுக்குப் போர் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஸ்காட்லாந்து நகர வீடுகளில் இதைவிட நேர்த்தியான வழக்கம் ஒன்று இருந்தது. திருமணமானவுடன் வாசல் மேற்கல்லில் கணவன், மனைவி இருவரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் செதுக்குவார்கள்; மனைவிக்கு அவள் பிறந்த வீட்டுப் பெயரின் எழுத்தே இடம்பெறும்.

நான் கட்டட வேலை செய்பவன். அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க அது என்ன கல்? நம் ஊர் வீடுகளில் ஏன் அப்படிக் கல் வேலை இல்லை?
(வாசகர், தண்டையார்பேட்டை)

சலமான்காவுக்கு அருகே உள்ள வில்லமயோர் என்னும் ஊரில் கிடைக்கும் மணற்கல் அது. சுரங்கத்திலிருந்து எடுத்த புதிதில் ஈரம் இருப்பதால் உளிக்கு இளகிக் கொடுக்கும். காற்றுப்பட்டு உலர்ந்த பிறகு இறுகும். இரும்புச் சத்து இருப்பதால் காலப்போக்கில் பொன்னிறம் ஏறும். இலையின் நரம்பு, சிப்பியின் வரி, சிங்கத்தின் பிடரி மயிர் என எதையும் ஆழமாகக் குடைந்து எடுக்கலாம். குறை என்னவென்றால், தரையிலிருந்து ஈரம் ஏறும் அடிவரிசைக் கற்கள் ஏடு ஏடாக உரியும்.

நம் பக்கத்துக் கல்லின் குணம் இதற்கு நேர்மாறானது. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கருங்கல் உலகப் புகழ் பெற்ற வகை. நிலவியலார் அதைச் சார்னோக்கைட் என்பர். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னைப் பகுதியிலிருந்து போன கல்லை ஆராய்ந்து, 1893இல் தாமஸ் ஹாலந்து என்பவர் இட்ட பெயர் அது. உளியை மழுங்கடிக்கும் அந்தக் கல்லில் தூணும் படியும் கல்லறைப் பலகையும் செய்யலாம். கோயிலுக்காகத் தலைமுறை கணக்கில் உழைக்கலாம். தெருவோர வீட்டின் முகப்புக்கு அவ்வளவு கூலி கொடுத்து யார் கட்டுவார்?

ஆகவே ஜார்ஜ் டவுன் வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தன. முகப்பு குறுகி, உள்ளே நீண்டு செல்லும் மனை. திண்ணை, நடை, முற்றம். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக, சாய்வு வரிசையில் அடுக்கிச் சுண்ணாம்பிட்டு மூடிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அந்தச் சுண்ணாம்பைக் கடற்கரையிலும் காயல்களிலும் கிடைக்கும் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு எடுத்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, மேல்பூச்சுக்கு முட்டை வெண்கருவும் கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவரை, வந்திறங்கிய ஐரோப்பியர்கள் பளிங்கு என்றே எண்ணினார்கள். சலமான்காவில் சிப்பி சுவருக்கு வெளியே இருக்கிறது. சென்னையில் சுவருக்கு உள்ளே இருக்கிறது. சிற்ப வேலையையும் இங்கே கல்தச்சர் செய்யவில்லை. சுண்ணாம்புச் சாந்தால் உருவம் செய்யும் சுதை வேலைக்காரர் செய்தார்.

வியாபாரிகளுக்கும் இப்படிச் சின்னம் இருந்ததா, அல்லது பிரபுக்களுக்கு மட்டும்தானா?
(வணிகர், மண்ணடி)

மூட்டை, பீப்பாய்களில் இடுவதற்கு வியாபாரிகளிடம் எளிய கோட்டுக் குறிகள் இருந்தன. சிலர் அவற்றையே வீட்டு வாசலில் செதுக்கிக்கொண்டார்கள். ஆனால் உங்கள் கேள்விக்குச் சிறந்த பதில் பிரான்ஸில் பூர்ஷ் நகரத்தில் நிற்கிறது. கீழை நாடுகளுடன் கப்பல் வணிகம் செய்து, ஏழாம் சார்லஸ் மன்னருடைய நிதிப் பொறுப்புக்கு வந்த ஷாக் கேர் என்பவர் 1441இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1443இல் நகரின் பழைய ரோமானிய மதிலையே பின்சுவராகக் கொண்டு ஒரு கல் மாளிகையைத் தொடங்கினார். அவருடைய குடும்பப் பெயருக்கு இதயம் என்று பொருள், முதற்பெயர் யாக்கோபு. எனவே வீடு முழுவதும், கைப்பிடிக் கிராதியில்கூட, இதயமும் சிப்பியும் மாறிமாறி வருகின்றன. ‘துணிந்த நெஞ்சுக்கு முடியாதது இல்லை’ என்ற அவருடைய முழக்கமும் கல்லில் ஏறியிருக்கிறது.

எனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது கேடயம் அன்று. தெருமுகப்பின் மேலே கல்லிலேயே பொய் ஜன்னல்கள் அமைத்து, அவற்றிலிருந்து எட்டிப் பார்ப்பது போல ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் செதுக்கியிருக்கிறார்கள். யாரோ வருவதை எதிர்பார்த்துத் தெருவைப் பார்க்கும் அந்த முகங்கள், வாசலில் நிற்பவரை ஒரு கணம் ஏமாற்றிவிடும். வீட்டுக்காரருக்குத்தான் அங்கே நிம்மதியாக வாழக் கொடுத்துவைக்கவில்லை. பணி முடியும் தறுவாயில், 1451இல், அரசரே அவரைக் கைது செய்தார். அவரிடம் கடன்பட்டிருந்த பிரபுக்கள் பலர். சிறையிலிருந்து தப்பி, 1456இல் கியோஸ் தீவில் இறந்தார்.

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடிக் கைப்பிடிச் சுவரில், இரண்டு சிங்கங்கள் ஒரு கேடயத்தைத் தாங்குவது போலச் சுதை உருவம் இருக்கிறது. கேடயத்துக்குள் பின்னிப் பிணைந்த ஆங்கில எழுத்துகளும், கீழே ஆண்டும் உள்ளன. இது குலச்சின்னமா?
(வாசகர், ஜார்ஜ் டவுன்)

சட்டப்படியான குலச்சின்னமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இங்கிலாந்தில் ஒரு சின்னத்தைப் பயன்படுத்த அரச அனுமதியோ பரம்பரை உரிமையோ தேவை. அங்கே அதற்கென்றே அலுவலகம் உண்டு. இந்தியாவில் 1877ஆம் ஆண்டு டெல்லி தர்பாருக்காக, ராபர்ட் டெய்லர் என்ற வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி சமஸ்தானங்களுக்குக் கொடியிலிட ஐரோப்பிய முறைச் சின்னங்கள் வரைந்து கொடுத்தார். அது மன்னர்களுக்கு. சென்னை வணிகர் எவரும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

ஆனால் சிங்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஊகிக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னத்தில் செஞ்சிலுவைக் கேடயத்தின் இருபுறமும் கொடி பிடித்த சிங்கங்கள் நிற்கும்; கீழே ‘இங்கிலாந்தின் அரசர், நாடாளுமன்றம் ஆகியோரின் ஆதரவில்’ என்ற பொருளில் லத்தீன் வாசகம் இருக்கும். 1835ஆம் ஆண்டின் காலணாக் காசில் இதே சின்னம் இருப்பதால், அது சந்தையில் எல்லோர் கையிலும் புழங்கியது. நமக்கு இடப்பக்கம் சிங்கமும் வலப்பக்கம் ஒற்றைக் கொம்புக் குதிரையும் இருந்தால் அது பிரிட்டிஷ் அரசச் சின்னம். மான்செஸ்டர் துணிக்கட்டுகளில் ஒட்டி வந்த வண்ண லேபிள்களிலும் இவ்வகை உருவங்கள் ஏராளம். சுதை வேலைக்காரரிடம் இப்படி ஏதேனும் ஒன்றைக் கொடுத்து, உள்ளே தம் முதலெழுத்துகளை இடச் சொல்லியிருப்பார் வீட்டுக்காரர்.

அதற்காக அதைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்தில் சிங்கங்களின் முகத்தை உற்றுப் பாருங்கள். பிதுங்கிய விழி, சுருள் சுருளான பிடரி, கோரைப்பல்லோடு விரிந்த வாய் ஆகியவை கோபுரத்தில் யாளி செய்து பழகிய கையின் வேலை. கேடயத்துக்கு மேலே, கிரீடம் வர வேண்டிய இடத்தில், இரண்டு யானைகள் நீராட்டும் கஜலட்சுமி அமர்ந்திருக்கிறாள். மால்டோனாடோ தம் பதவியையும் சம்பந்தி வீட்டையும் சுவரில் அறிவித்தார். உங்கள் தெருக்காரர் தம் தொழிலுக்குத் துணை நிற்கும் தெய்வத்தையும், கணக்குப் புத்தகத்தில் இடும் எழுத்தையும் அறிவித்திருக்கிறார். அறிவிப்பு என்ற வகையில் இரண்டும் ஒன்றே.

அசலான கேடயச் சின்னங்களை நம் பகுதியில் எங்கே பார்க்கலாம்?
(வாசகர், ராயபுரம்)

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்குப் போங்கள். 1680இல் திறக்கப்பட்ட அந்த ஆலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருக்கும் கற்கள் எல்லாம் கல்லறைப் பலகைகளே. அவை முதலில் இருந்த இடம், பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடம். 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படையினர் அந்தக் கல்லறைகளை மறைவாகப் பயன்படுத்திச் சுட்டதால், பின்னர் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். லத்தீன் வாசகங்களுக்கு மேலே கேடயமும், அதன்மேல் தலைக்கவசமும், கவசத்திலிருந்து இருபுறமும் வழியும் இலைச்சுருளும் செதுக்கிய பலகைகளைத் தேடுங்கள். ஆங்கிலேய வழக்கில் கவசம் மூடி, பக்கவாட்டில் திரும்பியிருந்தால் சாதாரணக் கனவான். முகமூடி திறந்து நேராகப் பார்த்தால் ‘சர்’ பட்டக்காரர். காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ போனால்தான் கோடுகள் தெரியும். பக்கத்திலுள்ள கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

இன்னும் வடக்கே போக முடிந்தால், பழவேற்காட்டில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் இதைவிடச் சிறப்பானது. வாசலின் இருபுறமும் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கும். உள்ளே 17ஆம் நூற்றாண்டுப் பலகைகளில் டச்சுக் குடும்பங்களின் கேடயங்கள் நல்ல ஆழத்தில் வெட்டப்பட்டுள்ளன.

நம் மன்னர்களிடம் இப்படிச் சின்னங்களைச் சேர்த்துக் காட்டும் வழக்கம் இருந்ததா?
(ஆசிரியர், பெரம்பூர்)

இருந்தது. முதலாம் ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் சோழரின் புலியோடு பாண்டியரின் மீன்களும் சேரரின் வில்லும் இருக்கின்றன. மேலே குடையும் சாமரங்களும். ஐரோப்பியக் கேடயத்தில் அடுத்த குலத்தின் சின்னம் பெரும்பாலும் திருமணத்தால் சேரும். இங்கே வெற்றியால் சேர்ந்தது.

எங்கள் வீட்டு முகப்பின் சுதை உருவங்கள் பெயர்ந்து வருகின்றன. சிமெண்ட் பூசி, எனாமல் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
(வாசகர், சவுகார்பேட்டை)

செய்யாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்டும் எனாமலும் அந்த வழியை அடைத்துவிடும். நம் கடலோரக் காற்றில் உப்பு வேறு இருப்பதால், உள்ளே சிக்கிய ஈரம் காயும்போது உப்பு படிகமாகித் தள்ளி, புதுப்பூச்சு பழைய உருவத்தின் மேல்தோலையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். முதலில் ஒழுகும் மழைநீர்க் குழாயையும், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றையும் கவனியுங்கள். சுதை விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் அவைதான். கன்றைப் பிடுங்கினால் மட்டும் போதாது, வேரும் சாக வேண்டும். பிறகு உருவங்களை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, விழுந்த துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் சேர்த்து, கோயில் திருப்பணியில் சுண்ணாம்புச் சுதை வேலை செய்து பழகியவரை அழையுங்கள். வண்ணம் வேண்டுமென்றால் காவியோ நீலமோ கலந்த சுண்ணாம்பு நீரே போதும். ஆண்டும் எழுத்தும் உள்ள பகுதியில், பழைய பூச்சை இரும்புப் பிரஷ் கொண்டு சுரண்ட யாரையும் விடாதீர்கள்.